தந்திக்குச் சிரித்தவள்

மலைப்படியில் மழைத் தண்ணீர் அருவி மாதிரி இறங்கி, காவடி எடுத்தவர்களெல்லாம் பாதிப் படியிலேயே நின்றுவிட்ட ஆடிக் கிருத்திகை ஒன்று வந்ததே, அந்த வருஷம். வருஷத்தை நம்பரில் சொல்ல எனக்கு வராது. பள்ளிக்கூடம் போகாதவனுக்கு வருஷங்கள் இப்படித்தான் ஞாபகம் இருக்கும். அந்தக் கிருத்திகை முடிந்து ஈரத் துணி காய்வதற்குள் நம்ம பட்டாளம் சிலோனுக்குப் போய் இறங்கிவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு பையனும் அதில் போயிருந்தான்.

திருத்தணிக்கு வெளியே, நெசவுக்காரர்கள் மட்டும் இருக்கிற தெரு அது. இந்தக் கோடியில் ஆரம்பித்தால் அந்தக் கோடி வரைக்கும் தறிச் சத்தம். பட்டாளத்துக்குப் போன பையனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே பையன். கூடப் பிறக்காவிட்டாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

தெருக்கோடியில் பஞ்சாயத்துக்காரர்கள் ஒரு டி.வி. வைத்திருந்தார்கள். நாலு தூண், மேலே கான்கிரீட், நடுவில் ஒரு இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் டி.வி. சாவி பஞ்சாயத்து பியூனிடம் இருக்கும். எனக்கு மச்சான் முறை, என்னைப் பாவா என்று கூப்பிடுவான். முறை இருக்கிற தைரியத்தில் வாய் கொஞ்சம் நீளம். பெட்டியைத் திறக்கும்போது அவனுக்கு இருக்கிற மிடுக்கு, மலைமேல் திரையை விலக்குகிற குருக்களுக்குக்கூடக் கிடையாது.

டி.வி.யில் முக்கால்வாசி இந்தி. தெருவில் இந்தி தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அது ஒரு கூத்து, அதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் நாங்கள் ஆந்திராக்காரர்கள். எல்லையை மாற்றச் சொல்லி ஊரே சண்டை போட்டு, ஒரு நாள் காலையில் எழுந்தால் மதராஸ்காரர்கள். அப்புறம் இந்தி வேண்டாம் என்று ஒரு சண்டை. அதில் ரயில்வே ஸ்டேஷன் போர்டில் இந்தி எழுத்து மேல் தார் பூசப் போன கும்பலில் நானும் இருந்தேன். எனக்கு எழுத்து தெரியாதே. எது இந்தி என்று காட்டினார்களோ அதன் மேல் பூசினேன். பூசிய கையோடு, ரெண்டு மூன்று வருஷத்தில், இங்கே நூல் கிடைக்காமல் பம்பாய்ப் பக்கம் பிவண்டிக்குப் பவர்லூம் ஓட்டப் போனேன். பத்து வருஷம். இந்தி பேசினால்தான் அங்கே சோறு. பேச்சு மட்டும் வந்தது, எழுத்து வரவில்லை. தமிழ் எழுத்தே வராதவனுக்கு அது எங்கே வரும்?

அதனால் டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை எனக்கு வந்தது. நாடகத்தில் ஒருத்தர் பேசி முடித்ததும் நான் தமிழில் சொல்வேன். தெலுங்கு பேசுகிற வீட்டுக் கிழவிகளுக்குத் தெலுங்கிலும் ஒரு வரி போடுவேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அங்கே அடுத்த ஆள் பேச ஆரம்பித்துவிடுவான். ஓட்டமும் நடையுமாக இருக்கும்.

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு நாடகம் போட்டார்கள். வடக்கே ஏதோ ஒரு கிராமம். ஒரு ஏழை அம்மா. அவள் பையன் பனிமலையில் பட்டாளத்தில் நிற்கிறான். ஊரில் ஒரு பெரிய பண்ணைக்காரன். எலெக்‌ஷன் வந்தால் ஏழைகள் ஓட்டையெல்லாம் அவன் ஆட்களே போட்டுவிடுவார்கள். பையன் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறான்: இந்தத் தடவை நீயே போய் ஓட்டுப் போடு அம்மா, பயப்படாதே, நான் இங்கே நிற்பது அதற்காகத்தான். கதை அவ்வளவுதான். ஆனால் வாரா வாரம் எங்கள் தெருவில் தறி நின்றது.

ஏன் நின்றது என்று நான் யோசித்திருக்கிறேன். சிலோன் சண்டையைப் பற்றி செய்தியிலும் சொன்னார்கள். செய்தியில் பெரிய மனிதர்கள் விமானத்தில் ஏறுவார்கள், இறங்குவார்கள், கை குலுக்குவார்கள். இத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு நம்பர் சொல்வார்கள். அந்த நம்பருக்குள் எங்கள் தெருப் பையன் இருக்கிறானா இல்லையா என்று யார் சொல்வது? நாடகத்தில் சண்டையே அதிகம் காட்டவில்லை. அந்த அம்மாவின் அடுப்பைக் காட்டினார்கள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரிக்காத கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் வரட்டும் என்று அவள் காத்திருப்பதைக் காட்டினார்கள். எங்கள் தெருவில் அது நாலு வீடு தள்ளி நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது. சண்டை எப்படி இருக்கும் என்பதை நாங்கள் செய்தியில் தெரிந்துகொள்ளவில்லை. அந்த அடுப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

எங்கள் தெருப் பையனுடைய அம்மா முதல் வரிசையில் உட்காருவாள். பனி கொட்டினால் உடனே கேட்பாள்.

"ண்ணா, சிலோன்ல இவ்ளோ பனி பெய்யுதா?"

"இது வேற சண்டைம்மா. பழைய சண்டை. வடக்க."

"எந்தச் சண்டையா இருந்தா இன்னா, குளிரு குளிருதானே."

அடுத்த வாரமே பஜாரில் ஒரு கம்பளிக் குல்லா வாங்கிப் பையனுக்குப் பார்சல் அனுப்பிவிட்டாள். பியூனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா பாவா, சிலோன்ல வெயில்ல குல்லா போட்டுகினு நிக்கப் போறான் உன் மருமவன்" என்றான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அனுப்பியதற்கு வருத்தப்படவில்லை.

அப்புறம் ரெண்டு மாதம் பையனிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் தெருவில் நுழைந்தால் அவள் வாசலுக்கு வருவாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

அந்தச் சமயத்தில்தான் நாடகத்தில் தந்தி வந்தது. எலெக்‌ஷனுக்கு முந்தைய வாரம். தந்திக்காரன் வருகிறான், ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் வாங்கிப் படிக்கிறார். உன் பிள்ளை நாட்டுக்காக உயிரைக் கொடுத்துவிட்டான் என்கிறார். இந்தியில் அது நாலு வார்த்தை. நான் வாயைத் திறந்தேன். முதல் வரிசையில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டி.வி.யைப் பார்க்கவில்லை, என்னைத்தான்.

"லீவுல வர்றானாம்" என்றேன்.

டி.வி.யில் அந்த அம்மா தரையில் விழுந்து புரண்டு அழுகிறாள்.

"லீவுல வர்றான்னா எதுக்கு ண்ணா இப்டி அழுவுறா?"

"சந்தோஷத்துலம்மா. எத்தினி நாள் கழிச்சு வர்றான்."

"ஆங், அழுவத்தான் வரும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு எழுந்து போகும்போது என்னிடம் கேட்டாள்: "லீவு குடுத்தா தந்தியிலதான் சொல்லுவாங்களா ண்ணா?"  ஆமாம் என்றேன்.

எங்கள் தெருவில் தந்தி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு ஆள் அனுப்புவோம், பிள்ளை பிறந்தால் கார்டு போடுவோம். சாவுக்குத்தான் தந்தி. அதனால் தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே, யார் வீட்டுக்கு என்று தெரிவதற்கு முன்பே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். உறையைப் பிரிப்பதெல்லாம் அப்புறம். அந்த மனுஷனுக்கும் பழகிப்போயிருந்தது. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தால் கெட்ட செய்தி. மிதித்துக்கொண்டே வந்தால் வழி கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த ஞாயிறு போய் வியாழனோ வெள்ளியோ, காலையில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு கிழவி ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். சைக்கிள் பையனுடைய அம்மா வீட்டு வாசலில் நின்றது. தெருவே அழுகிறது. அவள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள், கையில் கஞ்சிப் பசை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"எதுக்குடி எல்லாம் அழுவுறீங்க? லீவுல வர்றான்டி எம் புள்ள!"

தந்திக்காரர் என்ன செய்வார், பாவம். இங்கிலீஷில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னார்.

"உசுரோட கீறாம்மா. பயப்படாத. கால்ல அடிபட்டுகிது. மதராஸ்ல பட்டாளத்து ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க."

நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி அவள் காதில் விழுந்துவிட்டது. ஆனால் சிரிப்பு முகத்திலிருந்து உடனே போகவில்லை. அதற்கு எங்கே போவதென்று தெரியவில்லை. அப்படியே நின்றது. அதைத் தெரு முழுக்கப் பார்த்தது.

அன்றைக்கே அவள் ரயில் ஏறிப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு நாடகத்தின் கடைசி வாரம். அவள் இல்லை. நான் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். போன வாரம் நான் சொன்னது தப்பு, அந்தப் பையன் செத்துவிட்டான் என்று ஒரு வரி. ஆனால் சொன்னால், அவள் சிரித்தது எதனால் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதல் பொய் அவளுக்காகச் சொன்னது. ரெண்டாவது பொய் எனக்காக.

டி.வி.யில் அந்த அம்மா ஓட்டுப் போட வருகிறாள். பண்ணைக்காரனின் ஆட்கள் தடியோடு நிற்கிறார்கள். உன் ஓட்டைப் போட்டாயிற்று, வீட்டுக்குப் போ என்கிறார்கள். அவள் பையனின் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசுகிறாள். அவர்கள் தடியைக் கீழே இறக்கி வழி விடுகிறார்கள்.

"வழி விடுங்கப்பா, நேரமாவுதுன்னு சொல்லுது" என்றேன்.

பியூன் விடவில்லை. "இன்னா பாவா, அந்தம்மா அவ்ளோ நேரம் பேசுது, நீ ஒரே வரியில முடிக்கிற? மிச்சத்த வூட்டுக்குக் கட்டிகினு போறியா?"

"எதுக்குய்யா வழி விட்டானுங்க?" என்று பின்னாலிருந்து ஒருத்தன்.

"வயசானவங்கன்னு மரியாதைதான்."

கூட்டமே சிரித்தது. "எந்த ஊர்ல பாவா ஓட்டுப் பொட்டிகிட்ட வயசுக்கு மரியாதை குடுத்தான்?" என்றான் பியூன். எழுந்து தட்டிக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வாரம் பார்த்த கதை அப்படிச் சப்பென்று முடிந்தது. கதை நன்றாகத்தான் இருந்தது. கெடுத்தவன் நான். சாவை மறைத்ததும் அந்த ஓட்டுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று நிற்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அம்மாவும் பையனும் வந்தார்கள். வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. ரெண்டு கட்டை வைத்து நடந்தான். அவளுக்கு அதற்குள் ஊரில் பேர் வைத்துவிட்டார்கள். சிரிச்சவ. குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "தள்ளுங்கடி, சிரிச்சவ வர்றா" என்பார்கள். பிள்ளை கால் போனதற்குச் சிரித்தவள் என்று வெளித்தெரு வரைக்கும் போய்விட்டது. அவள் குழாயடிக்குப் போவதையே விட்டுவிட்டாள். யாரும் இல்லாத மத்தியான வெயிலில் கிணற்றுக்குப் போய்ச் சேந்திக்கொண்டு வருவாள். டி.வி. பக்கம் வரவே இல்லை.

ஒரு நாள் பையன் என் வீட்டுக்கு வந்தான். கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான் தறியில் இருந்ததால் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான்.

"மாமா, அந்த நாடகத்த நானும் பாத்தேன். ஆஸ்பத்திரி வார்டுல."

எனக்குத் தறியில் நாடா ஓடவில்லை. பட்டாளத்தில் இருந்தவனுக்கு இந்தி தெரியாமல் இருக்குமா என்று அப்போதுதான் உறைத்தது.

"தந்தி வந்துச்சில்ல, அப்ப எங்க வார்டுல ஒருத்தர் எழுந்து போயி பொட்டிய அணைச்சிட்டாரு. அவருக்கும் ஒரு கால்தான். குதிச்சிகினே போனாரு.  அந்த அம்மாவுக்கு அப்புறம் இன்னா ஆச்சுன்னு அடுத்த வாரம் கேட்டுகினு இருந்தோம். அம்மா சொல்லித்தான் தெரிஞ்சிது, அதே நேரத்துலதான் நீங்க இங்க எங்கம்மாகிட்ட லீவுல வர்றான்னு சொல்லிகினு இருந்திருக்கீங்க."

"உங்கம்மா மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு வாய் வரலடா."

"தெரியுது மாமா. கோவமில்ல. ஆனா அம்மாவுக்கு ராத்திரில தூக்கமில்ல. எம் புள்ளைக்குக் கால் போயிருக்க, நான் பல்லக் காட்டிகினு ஓடியாந்தேனேன்னு சொல்லிகினே இருக்காங்க. நீங்க மாத்திச் சொன்னீங்கன்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லல. நீங்களே நாலு பேருக்கு முன்னால சொல்லிடுங்க."

"ஆங், சொல்றேன்."

சொல்லவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று எத்தனையோ வாரம் போயிற்று. டி.வி. பெட்டி பக்கத்தில் நின்று வேறு வேறு நாடகம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வாய் வரை வரும். பியூன் என்ன சொல்வான், இத்தனை நாள் நான் சொன்னதில் எது நிஜம் என்று கேட்பார்களே என்று நின்றுவிடும்.

அப்புறம் நம் ஊருக்கு நிஜ எலெக்‌ஷன் வந்தது. ஒரு வருஷமாக மதராசில் ஆட்சியே இல்லாமல் டில்லிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஓட்டுப் போட எல்லோருக்கும் ஒரு வேகம். பள்ளிக்கூடத்தில் ரெண்டு வரிசை, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பக்கத்துப் பக்கத்தில். நான் ஆண்கள் வரிசையில் நடுவில் நின்றேன். அவள் தனியாக வந்தாள். பையன் காலையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான்.

அவள் வரிசையில் வந்து நின்றதும் முன்னால் இருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "சிரிச்சவ வந்துட்டாடி. இங்கயும் யாராவது சாவுற வரைக்கும் சிரிக்காம இருடிம்மா" என்றாள். நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள். வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. எப்படி வந்ததென்று தெரியாது. அந்த நாடகத்து அம்மா தடிக்காரர்கள் முன்னால் வீட்டுக்குத் திரும்பவில்லையே, இவள் திரும்புகிறாளே என்றுதான் தோன்றியது.

"நில்லும்மா!" என்று கத்தினேன். ரெண்டு வரிசையும் திரும்பியது. "எல்லாரும் கேட்டுக்கங்க. அந்த நாடகத்துல தந்தி வந்துச்சே, அது லீவுக்கு வந்த தந்தி இல்ல. அந்தப் பையன் செத்துட்டான். நான்தான் மாத்திச் சொன்னேன். இவ மூஞ்சியப் பாத்துட்டுப் பொய் சொன்னேன். அத்த நம்பித்தான் இவ தந்தியப் பாத்து சிரிச்சா. சிரிக்க வெச்சது நான். பேரு வெக்கணும்னா எனக்கு வையுங்க."

ஒரு போலீஸ்காரர் ஓடி வந்தார். "இன்னா பெரியவரே, பூத்துகிட்ட பிரசாரம் பண்றியா? எந்தக் கட்சி?"

"கட்சி இல்லீங்க, நாடகம்."

"நாடகம் போடற எடமா இது?"

எங்கள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் பியூன்தான். "விடுங்க சார், ரெண்டு நிமிசம். ஒரு வருசமா வாய்ல வெச்சிகினு இருந்தத இப்பத்தான் துப்புறாரு" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அப்ப அந்தம்மா கடேசில இன்னாதான் பாவா பேசுச்சு?" என்றான்.

சொன்னேன். அது எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. "எம் புள்ளையக் குடுக்கச் சொன்னப்ப எனக்குப் பதிலா வேற யாரும் குடுக்கல. நான்தான் குடுத்தேன். ஓட்ட மட்டும் எனக்குப் பதிலா நீ எப்பிடிப் போடுவே?"

 போலீஸ்காரர் ஒதுங்கி வழி விட்டார். அவள் தெருப் பக்கம் திரும்பியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் வந்து பழைய இடத்தில் நின்றுகொண்டாள். முன்னால் இருந்தவள் ஒதுங்கி, நீ முன்னாடி போ என்று கையைக் காட்டினாள். இவள் போகவில்லை. தன் முறை வரும் வரைக்கும் நின்றுதான் உள்ளே போனாள்.

மை வைத்த விரலோடு வெளியே வந்ததும் என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன்.

"ண்ணா, இந்த லைன்ல நின்னவங்க கேட்டாங்க. கேக்காதவங்க எத்தினி பேரு?"

அவ்வளவுதான் கேட்டாள். போய்விட்டாள். அதற்கப்புறம் அண்ணா என்று கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. விரோதம் கிடையாது, பேச்சும் கிடையாது.

கேட்காதவர்களுக்குச் சொல்ல நான் கொஞ்ச நாள் அலைந்தேன். கே.ஜி.கண்டிகையில் சொன்னேன், அம்மையார்குப்பத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் தறிக்குத் தறி போய்ச் சொன்னேன். கேட்டுக்கொள்வார்கள். ஆனால் பேர் என்பது வைக்கும்போது ஒரு வாயில் வருகிறது, எடுக்கும்போது ஆயிரம் வாயிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. பையனுக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இன்றைக்கும் ஆட்டோக்காரனிடம் அந்தத் தெருவில் அந்த வீட்டுக்கு வழி கேட்டால், சிரிச்சவ வூடா என்றுதான் கேட்கிறான். அவனுக்கு ஏன் என்று தெரியாது. அந்தப் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியாது. ஏதோ சந்தோஷமான பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ.

எனக்கு இனிமேல் நடந்து போய்ச் சொல்லக் காலில் தெம்பு இல்லை. நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள், நாலு ஊர் போகிறவர்கள். அந்தத் தெருப் பக்கம் போனால், யாராவது அந்தப் பேரைச் சொல்லக் கேட்டால், தயவு செய்து நின்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த அம்மா சிரித்தது பிள்ளை வருகிறான் என்று. அப்படிச் சொன்னவன் நான். கேட்டவர்களையும் இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.